முதலில் கூலரை எழுது

அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான்; புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் அசெம்பிள் செய்ய வேண்டுமாம். "மாமா, பாத்துட்டு சொல்லுங்க" என்று கூடவே ஒரு வரி. பட்டியலின் தலையில் பிராசஸர். அதற்குக் கீழே மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட். ஒவ்வொன்றுக்கும் மாடல், விலை, எந்தக் கடையில் குறைவு என்பது வரை விசாரித்துக் குறித்திருந்தான். கடைசி வரியில் கூலர், அதாவது பிராசஸரின் சூட்டை இறக்குகிற பொருள், என்று எழுதி, அதற்கு நேராக "மிச்சமிருக்குற காசுல ஏதாவது" என்று போட்டிருந்தான்.

அந்தக் கடைசி வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. 2023இல் நான் எழுதிய பட்டியலிலும் ஏறக்குறைய இதேதான் இருந்தது. அதனால் நான் எதை இழந்தேன் என்பதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் தட்டிவிட முடியாது. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், அதை இங்கேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாயி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருடத்திலிருந்தே நடவுக்குப் போனவள். வரிசையாக இறங்கி நடும்போது ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அப்பாயி எடுத்துக்கொடுக்கிறவள். இப்போது எங்கள் பக்கம் பல வயல்களில் நேரடி விதைப்பு, சிலவற்றில் நடவு மிஷின். கைநடவு நடக்கிற இடத்திலும் வரப்பில் வைத்த போன்தான் பாடுகிறது. அவளுக்கு நினைவு இருக்கும்போதே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. அப்போது அவளுக்கு 84 வயது. முதலில் போனில் பதிவு செய்து பார்த்தேன். குரல் தணிகிற இடத்தில் போன் தானாகவே சத்தத்தைத் தூக்கிவிடுகிறது, ஓங்குகிற இடத்தில் அமுக்கிவிடுகிறது. பாட்டின் ஏற்ற இறக்கமே போய்விடுகிறது. அதனால் ஒரு கண்டென்சர் மைக்கும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல சிஸ்டம் என்று முடிவு செய்தேன்.

சென்னைக்கு ஒரு வேலையாகப் போனவன் அப்படியே கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் போனேன். மாதக்கணக்கில் வீடியோக்கள் பார்த்து, பிராசஸர்களின் வேகத்தை ஒப்பிடும் அட்டவணைகள் படித்து, பிராசஸரை முன்பே முடிவு செய்திருந்தேன். 125 வாட்ஸ் வகை. என் கைக்கு எட்டிய விலையில் மிக வேகமானது. அதை வாங்குவதற்காகக் கேபினட்டில் குறைத்தேன், ரேமில் குறைத்தேன். கடைசியில் கூலருக்கு ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. கடைக்காரர் சின்னதாக ஒரு டவர் கூலரை (தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கி ஃபேன் வைத்தது) எடுத்து வைத்து, "இதுவே தாராளமா போதும் தம்பி, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். நானும் சரி என்றேன். நான் படித்த அட்டவணைகளில் பிராசஸரின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் தலையில் என்ன கூலர் உட்கார்ந்திருந்தது என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அன்றிரவு மன்னை எக்ஸ்பிரஸில் கேபினட் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். பங்குனி முழுக்க எடிட்டிங் பறந்தது. நல்ல சந்தோஷம்.

பதிவு தொடங்கியது கத்திரி வெயிலில். எங்களுடையது ஓட்டு வீடு. உள்ளறைச் சுவர்கள் கூரை வரை போகாது. கம்ப்யூட்டரைத் தாழ்வாரத்தில் வைத்து நீளமான கேபிள் இழுத்தும் பார்த்தேன், சுவருக்கு மேலே திறந்திருக்கும் இடம் வழியாக எல்லாச் சத்தமும் உள்ளே வந்துவிடும். அதனால் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன், சீலிங் ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 37 டிகிரி காட்டியது. அப்பாயி கையில் பனையோலை விசிறி வைத்திருந்தாள். அதன் சத்தமும் மைக்கில் விழும் என்று அதையும் கீழே வைக்கச் சொன்னேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடினாள்.

மூன்றாவது நாள் மதியம் அவளாகவே ஒரு பாட்டைத் தொடங்கினாள். நான் அதுவரை கேட்டிராத பாட்டு. நடவு முடிந்து கடைசிக் குத்தை நட்டுவிட்டுக் கரையேறும்போது பாடுவதாம். நாலரை நிமிடம் போலப் பாடினாள். பாடி முடித்ததும், "எங்க ஆத்தா பாடுனது இது, எப்புடி ஞாவகம் வந்துச்சுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டாள்.

இரவு ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். முதல் மூன்று அடி சுத்தமாக இருந்தது. நான்காவது அடியில் தூரத்தில் ஒரு மோட்டார் கிளம்புவதுபோல் ஒரு சத்தம் அடியிலிருந்து எழுந்து, அவள் குரலுக்குச் சமமாக வந்து, அப்படியே இறங்கியது. ஐந்தாவது அடி முடிவதற்குள் மறுபடி எழுந்தது. பாட்டு முழுவதும் இப்படியே. பாடும்போது எனக்கு அது காதில் விழவில்லை. என் கவனமெல்லாம் சொல்லில் இருந்தது. மைக்குக்கு அப்படி இல்லை. அது சிபியு ஃபேன், பிராசஸரின் கூலரில் சுற்றுவது.

மறுநாள் காலையில் அதே பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னேன். "எந்தப் பாட்டுடா தம்பி?" என்றாள். பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பாடச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே வேறொரு பாட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், அது திரும்பி வரவே இல்லை.

ஃபேன் எதைத் துரத்தியது

ஒரு மைக்கின் ஒலியை டிஸ்கில் எழுதுவது இன்றைய எந்த பிராசஸருக்கும் ஒரு வேலையே இல்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் இரண்டு மூன்று சதவீதம். அப்படியிருக்க ஃபேன் ஏன் ஏறி இறங்கியது? இந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. விடை தெரிந்தபோதுதான் பிராசஸரையும் கூலரையும் நான் எவ்வளவு தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன் என்று உறைத்தது.

இன்றைய பிராசஸர் சும்மா இருக்கும்போதும் முழுதாகச் சும்மா இருப்பதில்லை. பின்னணியில் ஏதோ ஒரு அப்டேட் விழித்துக்கொள்ளும், ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கும். அந்தச் சின்ன வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு மறுபடி தூங்குவதற்காக ஒரே ஒரு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) உச்ச வேகத்துக்குத் தாவும். உச்ச வேகத்துக்கு உச்ச வோல்டேஜ் வேண்டும். அந்தக் கோரின் பரப்போ சில சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் சூடு குவிவதால், உள்ளே இருக்கும் சென்சார் கண் இமைக்கும் நேரத்தில் 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டும். அந்தச் சூடு சிலிக்கானைக் கடந்து, மேலே மூடியிருக்கும் உலோகத் தகட்டைக் கடந்து, இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைக் கடந்து கூலருக்கு வந்து சேர்வதற்குள் வேலை முடிந்து கோர் தூங்கியிருக்கும். ஆனால் மதர்போர்டுக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். எண் ஏறினால் ஃபேனை ஏற்றும், இறங்கினால் இறக்கும். அந்த நேரத்தில் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. தன்னால் எட்டவே முடியாத ஒரு சூட்டை ஃபேன் துரத்திக்கொண்டிருந்தது.

சரி, பங்குனியில் ஏன் இது தெரியவில்லை? காரணம் அறையின் சூடு. ஏசி போட்ட 22 டிகிரி அறையில் ஒரு பிராசஸர் சும்மா இருக்கும்போது 37 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாவலில் 57 போகும். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஃபேன் இன்னும் மெதுவாகவே சுற்றும் இடம் அது. அதே பிராசஸர் எங்கள் வீட்டு 37 டிகிரியில் சும்மா இருக்கும்போதே 52. ஒரு தாவலில் 72. ஃபேனின் வேகம் செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடம் அது. நான் படித்த அட்டவணைகள் பொய் சொல்லவில்லை. இருபது சொச்சம் டிகிரியில் வைத்து அளந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். அந்த அறையை எங்கள் ஊர்க் கத்திரி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சத்தம் சீராக இருந்தால் அதை எடுத்துவிடலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பாட்டு இல்லாத இடத்தில் இரண்டு நொடி இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், அதே தன்மையுள்ள இரைச்சலைப் பதிவு முழுவதிலும் குறைத்துத் தரும். சீலிங் ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றியிருந்தால்கூட ஓரளவு காப்பாற்றியிருப்பேன். ஏறி இறங்கும் சத்தத்துக்கு மாதிரி என்று எதைக் காட்டுவது? எதைக் காட்டினாலும் மற்ற இடங்களில் பொருந்தாது. அழுத்திக் குறைத்தால் அப்பாயியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. பத்துப் பதினைந்து விதமாகச் செய்துபார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வடிகால்

கம்ப்யூட்டரின் பக்கத்தகட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். விளக்கினேன். எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது, அது சூடாக மாறி எப்படி வெளியே வர வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே கேட்டவர், "தண்ணி வர்றதுக்கு வழி பாத்திருக்க. வடியறதுக்குப் பாத்தியா?" என்றார்.

கடைமடையில் இருக்கிறவர் கேட்கிற கேள்வி அது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, திறந்தால் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு எப்போது எட்டும் என்று வைகாசி மாதம் கவலைப்படுவோம். ஐப்பசி, கார்த்திகையில் அதே வயலில் மழைத்தண்ணீர் வடியவில்லை என்று கவலைப்படுவோம். வடிகால் வாய்க்கால் தூர்ந்து, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் பயிர் மூழ்கி அழுகிவிடும். வயல் வாங்கும்போது பாசனம் எப்படி என்று கேட்பவர்கள் வடிகாலையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கப் போனபோது தண்ணீர் வருகிற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

பிராசஸர் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஆனால் கம்பெனி குறிப்பிடும் வாட்ஸ், பிராசஸர் இழுக்கும் உச்ச அளவு இல்லை. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7600க்கு 65 வாட்ஸ் என்றிருக்கும். அது உண்மையில் 88 வாட்ஸ் வரை இழுக்க அனுமதி உண்டு. ரைசன் 5 7600எக்ஸ் 105 என்று சொல்லி 142 வரை போகும். இன்டெல்லில் கோர் ஐ5-12400 65 வாட்ஸ், வேகமெடுக்கும்போது 117. கோர் ஐ5-13600கே 125 வாட்ஸ், வேகமெடுக்கும்போது 181. இதற்கு மேல், சில மதர்போர்டுகள் இந்த வரம்பையே தளர்த்தி வைத்துத்தான் கடைக்கு வருகின்றன. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) போய்ப் பார்க்காத வரை நமக்குத் தெரியாது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இதில் 7600, 7600எக்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இரண்டிலும் அதே ஆறு கோர். உச்ச வேகம் ஒன்றில் 5.1 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.3. நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம். அதற்காக மின் வரம்பு 54 வாட்ஸ் கூடியிருக்கிறது. காரணம் எளிது. பிராசஸர் இழுக்கும் மின்திறன் அதன் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தின் கடைசி நுனியை எட்ட வோல்டேஜைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். அந்தக் கடைசி நுனிக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம், அந்தக் கடைசி நுனிதான் அட்டவணையில் முதலிடம் வாங்கித் தருகிறது, அந்தக் கடைசி நுனிதான் ஃபேனை அலறவும் வைக்கிறது.

அன்றிரவே பயாஸில் போய் மின் வரம்பை 65 வாட்ஸ் என்று போட்டேன். ஒரு மணி நேரம் ஓடுகிற கல்யாண வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே வீடியோவாக்குவது) ஒண்ணேகால் மணி நேரம் ஓடியது. நான் அதை ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன். கூடுதல் கால்மணி நேரம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எந்த வேகத்துக்காகக் கேபினட்டையும் ரேமையும் கூலரையும் குறைத்துக்கொண்டேனோ, அந்த வேகம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது மே மாத மதியம், மூடிய அறையில், ஒரு கிழவி பாடுகிற ஐந்து நிமிடத்துக்குச் சத்தமில்லாத ஒரு பெட்டி. நான் பார்த்த எந்தப் பரிசோதனையிலும் அதை யாரும் அளக்கவில்லை. ஆனால் அதை எனக்கு நானே கேட்டிருக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் தன் பரபரப்பான நேரத்தில் எவ்வளவு வேகம் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம். அது அமைதியாக இருக்க வேண்டிய நேரம் எது, அப்போது அறை எவ்வளவு சூடு என்று கேட்டிருந்தால் என் பட்டியல் தலைகீழாக இருந்திருக்கும்.

மின் வரம்பைக் குறைத்தது ரெண்டருக்கு உதவியதே தவிர, ஒற்றைக் கோர் தாவலை நிறுத்தவில்லை. அதற்கு ஃபேன் அமைப்பில் கை வைக்க வேண்டியிருந்தது. பயாஸில் ஃபேன் வேகத்துக்கு ஒரு கோடு இருக்கும். எந்த டிகிரிக்கு எந்த வேகம் என்று நாமே இழுத்து வைக்கலாம். 75 டிகிரி வரை கோட்டைப் படுக்கையாக, ஒரே மெதுவான வேகத்தில் போட்டேன். அதற்கு மேல்தான் ஏறும். பல மதர்போர்டுகளில் எண் மாறியவுடன் ஃபேன் மாறாமல் சில நொடி பொறுத்துப் பார்க்கும் வசதியும் உண்டு, அதையும் போட்டேன். ஒரு நொடித் தாவலுக்கெல்லாம் இப்போது ஃபேன் அசைவதில்லை. பயந்தேன்தான். ஆனால் இன்றைய பிராசஸர்கள் 95, 100 டிகிரியில் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கட்டப்பட்டவை. 75 என்பது அவற்றுக்கு ஆபத்து இல்லை.

ஆனால் மெதுவான ஃபேனோடு அந்தச் சின்னக் கூலர் தாக்குப்பிடிக்கவில்லை. எடிட்டிங் செய்யும்போது எண் 90ஐத் தொட்டது. அப்போதுதான் ஒரு பெரிய கூலர் வாங்கினேன், இந்தத் தடவை அதை மட்டும் ஒரு மாதம் படித்துவிட்டு.

தண்ணீர்தான் அங்கேயும்

டவர் கூலரின் செப்புக் குழாய்களை வெறும் செப்புக் கம்பிகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவை உள்ளே கூடு. காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. பிராசஸர் பக்கம் ஆவியாகி மேலே போய், தகடுகள் கோத்த இடத்தில் சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மறுபடி கீழே வருகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குழாயில் தண்ணீர் போய்ப் போய் வருகிறது. இதைப் படித்த அன்று அப்பாவிடம் சொன்னேன். கூலரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

நான் வாங்கியது ஆறு குழாய் உள்ள இரட்டை டவர். தகட்டுப் பரப்பு பெரிதாக இருப்பதால் மெல்லிய காற்றே அதற்குப் போதும். பெரிய கூலரின் பலன் எண்ணைக் குறைப்பதில் இல்லை, அதே எண்ணை மெதுவான ஃபேனில் தருவதில் இருக்கிறது. வாங்கும் முன் உயரத்தை அளந்தேன். டீப்கூல் ஏகே400 155 மி.மீ., நாக்டுவா என்எச்-டி15 165 மி.மீ.; சில கேபினட்டில் முன்னது நுழையும், பின்னது நுழைந்தால் கதவு மூடாது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும் என்பதையும், பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும் என்பதையும் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்க் குழாயும் ரேடியேட்டரும் வைத்த லிக்விட் கூலரைப் பற்றி அக்கா மகன் கண்டிப்பாகக் கேட்பான். கண்ணுக்கு அழகுதான். நான் வேண்டாம் என்பேன். அதில் பம்ப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் முணுமுணுப்பு மைக்கில் விழும். வருடங்கள் போகப்போக ரப்பர் குழாய் வழியாக உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பம்ப் நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். டவர் கூலரில் அசைகிற பொருள் ஃபேன் ஒன்றுதான். அது போனால் அதே அளவில் இன்னொரு ஃபேனை மாட்டிக்கொள்ளலாம். எந்தக் கூலரானாலும் அறைக் காற்றைக்கொண்டுதான் குளிர்விக்கிறது. அறை 37 என்றால் அதற்குக் கீழே எதனாலும் போக முடியாது.

அடுத்தது தூசி. கேபினட் பற்றிய வீடியோக்களில் தூசியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் தை பிறந்து அறுவடை மிஷின் வயலில் இறங்கினால் பதினைந்து நாளைக்கு வீடு முழுக்கச் சுணை. கழுத்தில் பட்டால் அரிக்கிற அதே நெல் சுணை, கூலரின் தகடுகளுக்கு நடுவே மஞ்சளாகப் படிந்து, பொங்கல் பருவத்துப் பனியில் ஈரமாகி, ஒரு கம்பளிபோல் ஒட்டிக்கொள்கிறது. முதல் வருடம் அதை நான் திறந்தே பார்க்கவில்லை. பழைய கூலரைக் கழற்றியபோது ஃபேனுக்குப் பின்னால் கால்வாசித் தகடு மூடிக் கிடந்தது. அப்பா கேட்ட வடிகால் எழுத்துக்கு எழுத்து உண்மையாக அங்கே தூர்ந்து கிடந்தது. இப்போது அறுவடை முடிந்ததும் ஒரு தடவை, கத்திரிக்கு முன்னால் ஒரு தடவை திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, புளோயர் அடிக்கிறேன். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். கூலர் வாங்கும்போது தகடுகளுக்கு நடுவே பிரஷ் முடி நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பேன். மிக நெருக்கமாகத் தகடு அடுக்கியவை எங்கள் ஊருக்கு ஆகாது.

அவனுக்கு எழுதியது

அக்கா வீடு தஞ்சாவூரில். அவன் அறை மாடியில், மேலே வெறும் கான்கிரீட் தளம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் தளம் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். அவன் பட்டியலில் இருந்த பிராசஸரும் 125 வாட்ஸ் வகைதான். அதற்குப் பதிலாக ரைசன் 5 7600 என்று எழுதினேன். அவன் விளையாடுகிற விளையாட்டுகளில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும், பிராசஸர் அதைக் காக்கவைக்காமல் இருந்தால் போதும். அந்த பிராசஸர் உட்காருகிற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், படிப்பு முடியும்போது பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லே வேண்டும் என்றால் ஐ5-12400 பார்க்கச் சொன்னேன். 13, 14ஆம் தலைமுறையில் சிலவற்றுக்கு வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டியது. அவற்றை வாங்கினால் முதல் வேலையாக பயாஸ் அப்டேட் என்றும் எழுதினேன்.

7600 பெட்டியிலேயே ஒரு சின்னக் கூலர் வரும். அதை வைத்தும் ஓட்டலாம், பிராசஸருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான்கு குழாயுள்ள ஒரு டவர் கூலரைத் தனியாக வாங்கச் சொன்னேன். அதற்கான காசு, 125 வாட்ஸிலிருந்து இறங்கி வந்ததில் மிச்சமாகிறது. பட்டியலை நானே மாற்றி எழுதி அனுப்பினேன். முதல் வரியில் அறை 38 டிகிரி என்று எழுதினேன். இரண்டாவது வரி கூலர். மூன்றாவதுதான் பிராசஸர்.

"மாமா, யாராச்சும் கூலர மொதல்ல வாங்குவாங்களா?" என்று கேட்டிருந்தான். அதற்குப் பதிலாக அப்பாயியின் அந்தப் பதிவை அனுப்பினேன். அவனுக்குக் கொள்ளுப்பாட்டி. இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தான். கூலரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, நாலாவது வரில ஒரு வார்த்த வருதே, அது நாத்தா, காத்தா?" என்றான்.

எனக்கும் அது பிடிபடவில்லை. அந்தச் சொல் தொடங்கும் இடத்தில்தான் ஃபேன் ஏறுகிறது. "த்து" மட்டும் கேட்கிறது. அப்பாயியிடம் மறுபடி போட்டுக் காட்டினேன். இப்போது அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "யாரு பாடுறா? நல்லா பாடுறா" என்றாள்.